களவுக்கு இடமில்லாத ஊரில் நகைச்சுவை: அம்பிகாபதியும் குறிஞ்சிக்கலியும் பதின்பருவக் காதல் படங்களும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று இளமை. எள்ளல், மடன், பேதைமை என்னும் மற்ற மூன்றும் இளமையை விட்டு அதிகத் தூரம் போகாதவை. காதலிக்கும் இளையோரைக் கண்டு சிரிக்க நமக்கு இலக்கணமே இருந்திருக்கிறது. ஆனாலும், பழைய இலக்கியத்துக்குப் பள்ளிச் சீருடை மாட்டி அதைக் காதல் நகைச்சுவையாக்கும் திரைவகை தமிழில் வேர்பிடிக்கவில்லை. தமிழ் ரசிகருக்குச் சோகமே பிடிக்கும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சிவாஜியின் 'அறிவாளி'யை ரசித்த கூட்டத்தைப் பற்றி இப்படிச் சொல்வது சோம்பல். காரணம் ரசனையில் இல்லை. காதலுக்கும் திருமணத்துக்கும் நடுவே சமூகம் ஒப்புக்கொள்ளும் ஒரு கட்டம் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. இக்கட்டுரை அதை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களோடு தொடர்புடைய சில சான்றுகளைக் கொண்டு நிறுவ முயல்கிறது.

அமெரிக்க முன்மாதிரியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1995இல் 'க்ளூலெஸ்' ஆனது. ஷேக்ஸ்பியரின் 'அடங்காப்பிடாரி' நாடகம் 1999இல் '10 திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ' ஆனது. 'பன்னிரண்டாம் இரவு' 2006இல் 'ஷீ இஸ் தி மேன்' ஆனது. மூன்றிலும் அரசவைக்கும் பிரபுக்களின் மாளிகைக்கும் பதிலாகப் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளியிலும் மேல்கீழ் உண்டு, வம்புப்பேச்சு உண்டு, மூத்தோர் விதித்த தடை உண்டு. தூக்குமேடை மட்டும் இல்லை. ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்கள் திருமணத்தில் முடியும். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவைக்க முடியாது என்பதால் இந்தப் படங்கள் பள்ளி நடனவிழாவிலோ ஒரு முத்தத்திலோ முடிகின்றன. ஊரறியச் சேர்ந்து நிற்கலாம், ஆனால் அது கல்யாணம் இல்லை. அந்த இடைக்கட்டம் அங்கே இருப்பதால்தான் கதையை முடிக்க முடிகிறது.

தழுவுவதில் தமிழர் யாருக்கும் பிந்தியவர்கள் அல்லர். சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார். வெனிஸ் நகரத்து வணிகனை 'வாணீபுர வணிகன்' ஆக்கினார். ஆண்வேடமிட்ட பெண்ணை வைத்துப் பின்னப்பட்ட 'பன்னிரண்டாம் இரவு', 'கன்னியின் காதலி' என்ற பெயரில் 1949இலேயே திரைக்கு வந்துவிட்டது. ஹாலிவுட் அதைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல இன்னும் ஐம்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. 'அறிவாளி' (1963) அடங்காப்பிடாரியின் தழுவல். 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்திலும் அதன் சாயல் உண்டு. ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) ஆஸ்டின் படைத்த சகோதரிகளைச் செட்டிநாட்டு வீட்டில் குடிவைத்தது. இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 'அறிவாளி', 'பட்டிக்காடா பட்டணமா' இரண்டிலும் சிரிப்பு முழுவேகத்தில் கிளம்புவது தாலி ஏறிய பிறகுதான். கணவன் மனைவியாகிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், ஊர் சிரிக்கும். தாலிக்கு முந்திய பருவத்தின் கதையோ வேறு திசையில் போயிற்று.

அந்தத் திசையின் தலைக்கதை அம்பிகாபதி. கம்பர் மகனும் சோழன் மகள் அமராவதியும் காதலித்த கதை வரலாறு அன்று, கர்ணபரம்பரை. களம் உறையூர் என்றும் சொல்வர். ஆனால் கம்பருக்குப் பெரும்பாலோர் குறிக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் தலைநகர் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம். அரண்மனை அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்ட மாளிகைமேடும் அங்கேதான் இருக்கிறது. அமராவதிக்கு ஒரு மாடம் தேட வேண்டுமென்றால் அங்கே தேடுவதே பொருத்தம். 1937இல் இக்கதையைப் படமாக்கிய அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டை முன்மாதிரியாகக் கொண்டார். வசனம் இளங்கோவன், நாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர்.

கதையின் முடிச்சை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் அம்பிகாபதி உயிர் பிழைக்கலாம் என்பது சோழன் விதித்த நிபந்தனை. அமராவதி எண்ணிக்கொண்டே வருகிறாள். காப்புச் செய்யுளையும் ஒன்றாகக் கணக்கிட்டுவிட்டு, நூறு முடிந்தது என்று ஆவலோடு எட்டிப்பார்க்கிறாள். அவள் முகத்தைக் கண்டவன் நூறாவது பாட்டில் அவளையே பாடிவிடுகிறான். இது கலப்படமில்லாத நகைச்சுவை முடிச்சு. அவளிடம் பேதைமை இருக்கிறது, இருவரிடமும் இளமை இருக்கிறது, தவறிய கணக்கும் இருக்கிறது. இதே முடிச்சைப் பள்ளிப் படத்தில் வைத்தால் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருவரும் நிற்கும் காட்சியாக முடியும். கொலையாக முடிவதற்குக் காரணம் முடிச்சு அன்று. அவளோடு சேர்ந்து இன்னொருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறார், அவர் கையில் வாள் இருக்கிறது.

2013இல் இந்தப் பெயர் திரும்பி வந்தது. தனுஷ் நடித்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவத்துக்கு 'அம்பிகாபதி' என்று பெயரிட்டார்கள். பள்ளிப் பருவத்தில் வேடிக்கையாகத் தொடங்கும் காதல் நாயகனின் சாவில் முடியும். 2025இல் அந்தத் தமிழ் வடிவத்தைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் நாயகன் பிழைத்தெழுவதாக மாற்றி மீண்டும் வெளியிட்டனர். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் அதைக் கண்டித்தனர். படைப்புரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். என் வாதத்துக்கு இது நல்ல சோதனை. கடைசிக் காட்சியை மாற்றினால் துன்பியல் இன்பியலாகிவிடாது. வாளேந்திய மூத்தோரை முதல் காட்சியிலேயே மாற்ற வேண்டும்.

அப்படி வாளில்லாத மூத்தோராக ஒரு தாய் கலித்தொகையில் இருக்கிறாள். குறிஞ்சிக்கலியில், கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் ஐம்பத்தொன்றாம் பாடலில், ஒரு பெண் தோழியிடம் பேசுகிறாள். சிறுவயதில் நம் மணல்வீட்டைக் காலால் உதைத்து, பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன் நினைவிருக்கிறதா என்று தொடங்குகிறாள். அவன் வளர்ந்து ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். அம்மா கொடுக்கச் சொல்ல, இவள் போகிறாள். அவன் கையைப் பிடித்துவிடுகிறான். இவள் அம்மாவைக் கூவி அழைக்கிறாள். அம்மா பதறி ஓடி வந்ததும் தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டது என்று பொய் சொல்கிறாள். அம்மா அவன் முதுகை நீவிவிடுகிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். அலறலுக்கும் பொய்க்கும் நடுவே அரை நொடியில் அவள் மனம் மாறுவதைக் காட்ட எந்த இயக்குநரும் ஒரு நெருக்கக் காட்சி வைப்பார். இந்தப் பாட்டில் தாய் ஏமாந்தாளா, ஏமாந்ததாகக் காட்டிக்கொண்டாளா என்பது தெரியவில்லை. அந்தத் தெளிவின்மைதான், மணத்துக்கு முந்திய மறைவுக் காதலாகிய களவு என்னும் கட்டத்துக்கு ஆதாரம். களவுக்கு அலர் உண்டு, இற்செறிப்பு உண்டு, உடன்போக்கு உண்டு. அதற்கென்று இலக்கணத்தில் ஓர் இயலே உண்டு.

இந்த மரபைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்த முயற்சி இவ்வட்டாரத்திலேயே நடந்திருக்கிறது. உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி யுவரங்கரின் ஆதரவில் இருந்த கனம் கிருஷ்ணையர் பதங்கள் இயற்றினார். நாயகி தோழியிடம் முறையிடும் அகமரபு அங்கே வாழும் புரவலரைத் தலைவனாகக் கொண்டு பாட்டானது. கிருஷ்ணையரிடம் இசை பயின்ற வேங்கடசுப்பையரின் மகன்தான் உ. வே. சாமிநாதையர். அரியலூர், குன்னம், காரை, செங்கணம் என்று இந்த ஊர்களில்தான் அவர் பிள்ளைப் பருவத்தில் தமிழ் கற்றார். யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டது செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம். 1868இல் பதின்மூன்று வயதில் அவருக்குத் திருமணமும் ஆகிவிட்டது. களவுக் காதலின் தலையாய தொகையான குறுந்தொகையை அவர் பதிப்பித்து வெளியிட்ட ஆண்டு 1937. டங்கனின் அம்பிகாபதியும் அதே ஆண்டு. திரையுலகம் இரண்டில் எதை எடுத்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை.

அன்று களவுக்கு முன்பே கல்யாணம் வந்தது. இன்று கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது, நல்லதே. ஆனால் நடுவே திறந்த இடத்தில் வழக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவர் குழந்தையே. பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம், பதின்பருவக் காதலைத் தண்டிக்கும் பெற்றோர் கையிலும் ஆயுதமாவதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டி ஒரு வழக்கை ரத்து செய்தது. சாதி விலகாத ஊரில் வழக்கு என்பது மென்மையான முடிவு. அதைவிடக் கொடியதைக் காட்டியது 'காதல்' (2004). பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் ஒன்றாக நிற்கும் இரண்டு மாணவரைத் திரைக்கதையாளர் எழுதத் தொடங்கினால், மூன்றாவது காட்சியிலேயே யாரோ ஒரு சித்தப்பா பைக்கில் வந்துவிடுவார். அவரைச் சிரிப்புக்குரியவராக எழுதும் துணிவு நம்மில் பலருக்கு வரவில்லை, ஏனென்றால் அவர் நிஜத்தில் சிரிப்புக்குரியவராக இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு, அதைக் கவனித்தவர்கள் குறைவு. அகப்பாட்டில் நகைச்சுவை அறிவு பெரும்பாலும் தோழியிடம் இருக்கிறது. தலைவனை அலைக்கழிப்பவள் அவள், தாயிடம் மறைத்துப் பேசுபவள் அவள், சரியான நேரத்தில் உண்மையை உடைப்பவளும் அவள். தமிழ்த் திரை அந்த வேலையை நாயகனின் நண்பனிடம், விவேக்கிடமும் சந்தானத்திடமும், ஒப்படைத்துவிட்டது. பாங்கனின் பேச்சு பெண்ணை எப்படி மடக்குவது என்பதைச் சுற்றியே வரும். பெண்ணின் பக்கத்திலிருந்து அவனை எடைபோட ஆள் இல்லை. அமெரிக்கப் படங்கள் ஷேக்ஸ்பியரிடமிருந்து பெற்றதில் பெரும்பங்கு இந்தப் பெண்பேச்சுதான். குறிஞ்சிக்கலிப் பாடலைப் படமாக்க நினைப்பவர் நாயகனுக்கு முன் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு நடிகையைத் தேட வேண்டும். ஐம்பத்தொன்றாம் பாட்டில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளுக்கான வசனம் முழுவதும் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.