மீள்வதும் மீட்பதும்: 1931இன் தங்கமும் எங்கள் வீட்டு வளையல்களும்

2020 செப்டம்பரில் என் தாயார் மும்பை செம்பூரில் ஒரு நகைக்கடன் கடையில் இரண்டு வளையல்களை அடகு வைத்தார். தந்தையின் சிறிய அச்சகம் மார்ச் இறுதியிலிருந்து மூடிக் கிடந்தது. எனக்கு வரவேண்டிய ஆய்வு உதவித்தொகை ஐந்து மாதங்களாக வந்திருக்கவில்லை. இரண்டு வருமானங்களும் ஒருசேர நின்றுபோன வீட்டில் மிஞ்சிய சேமிப்பு அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது. தொலைபேசியில் செய்தியைச் சொல்லிவிட்டு, "மீட்டுக்கலாம், நீ படிப்பைப் பாரு" என்றார்.

மறு ஆண்டு ஆகஸ்டு இறுதியில் நாளிதழ்கள் வேறொரு செய்தியைச் சொல்லின. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி 20.1 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. பொருளாதாரம் மீண்டு வருகிறது. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் ஏறத்தாழ 24 விழுக்காடு சரிந்த ஒன்று மறு ஆண்டு 20 விழுக்காடு ஏறினால் பழைய இடத்துக்கு வந்துசேராது என்பது பள்ளிக் கணக்கு. நூறு எழுபத்தாறாகி, பிறகு தொண்ணூற்றொன்றாகும். கணக்கைவிட அதில் இருந்த வினைச்சொல்லே என்னை நிறுத்தியது. அம்மா சொன்ன 'மீட்டல்', நாளிதழ் சொன்ன 'மீள்தல்' இரண்டும் ஒரே வேரின் இரு கிளைகள். கு. பரமசிவத்தின் கலைச்சொற்களில் சொன்னால் முன்னது இயக்குவினை, பின்னது இயங்குவினை. மீள்வதற்கு ஓர் எழுவாய் போதும். மீட்பதற்கு மீட்பவர் ஒருவர் வேண்டும், அவர் கையில் பணமும் வேண்டும். நாளிதழ்களில் பொருளாதாரம் தானே மீள்கிறது. வீடுகளில் நகைகள் மீட்கப்படுகின்றன, அல்லது மீட்கப்படாமலே போகின்றன. 'பொருளாதார மீட்சி' என்ற தொடரில், யார் எதைக் கொடுத்து மீட்டார் என்று கேட்க இடமே இல்லை.

இந்தக் கேள்வியோடுதான் 1930களின் பெருமந்தம் பற்றிய நூல்களை வாசிக்கத் தொடங்கினேன். என் முனைவர் பட்டத் தலைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெருமந்தம் என்றால் நம் நினைவுக்கு வருவது 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ந்த காட்சி. இந்திய உழவரிடம் அது விலை வீழ்ச்சியாக வந்தது. 1914 ஜூலையை நூறாகக் கொண்ட கல்கத்தா மொத்தவிலைக் குறியீடு 1929இல் 141, 1931இல் 96, 1933இல் 87. இது எல்லாப் பொருள்களுக்குமான சராசரி. விளைபொருள்களின் நிலை இதைவிட மோசம். 1928க்கும் 1934க்கும் இடையில் கோதுமை விலை பாதியாயிற்று. வங்கத்துக் கச்சாச் சணலின் விலை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. நிலவரி மட்டும் சரியவில்லை. அது ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டது. கடனும் ரூபாயில்தான் எழுதப்பட்டிருந்தது. விலை பாதியானால், இருபது மணங்கு கோதுமையை விற்று அடைத்திருக்கக்கூடிய கடனுக்கு நாற்பது மணங்கு விற்க வேண்டும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை, கடன் இரட்டிக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் ஊரகக் கடன் சுமார் 900 கோடி ரூபாய் என்று மத்திய வங்கி விசாரணைக் குழு 1931இல் மதிப்பிட்டது. அந்தத் தொகையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும்.

உலகம் முழுவதும் விலை விழுந்தபோது இந்திய அரசு என்ன செய்தது என்பதே இங்கு முக்கியம். 1927இன் நாணயச் சட்டம் ஒரு ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று நிறுத்தியிருந்தது. போருக்கு முந்தைய ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸே தகும் என்று ஹில்டன் யங் ஆணையத்தில் புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸ் மாற்றுக் கருத்து எழுதினார். அது ஏற்கப்படவில்லை. ரூபாயின் மதிப்பு உயர்ந்திருந்தால் ஏற்றுமதி விளைபொருளுக்கு உழவர் பெறும் ரூபாய் குறையும். ரூபாயின் மதிப்பைக் குறைத்தாலோ, லண்டனுக்குச் செலுத்தவேண்டிய ஓய்வூதியம், வட்டி முதலிய 'உள்நாட்டுச் செலவுகள்' ரூபாய்க் கணக்கில் ஏறும். (இங்கே 'உள்நாடு' என்பது இங்கிலாந்து. சொல்லாராய்ச்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.) அரசு இரண்டாவதற்கு அஞ்சி முதலாவதைத் தேர்ந்தது. மாற்று விகிதத்தைக் காப்பாற்றப் பணப்புழக்கத்தைச் சுருக்கியது. மந்தத்தின் நடுவில் பணத்தைச் சுருக்குவது, தாகத்தில் தவிப்பவனிடமிருந்து குவளையைப் பிடுங்குவது போன்றது.

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாயை என்ன செய்வது என்று டில்லிக்கும் லண்டனுக்கும் இடையே சில நாள் இழுபறி நடந்தது. முடிவில் ரூபாய் அதே விகிதத்தில் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டது. ஸ்டெர்லிங்கின் மதிப்பு விழ, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. 1927 சட்டத்தின்படி ஒரு தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை. சில மாதங்களுக்குள் அது முப்பது ரூபாயை நெருங்கியது. பல தலைமுறைகளாகத் தங்கத்தை இறக்குமதி செய்துவந்த நாடு தங்கத்தை ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. சிற்றூர் லேவாதேவிக்காரரிடமிருந்து சிறுநகரத்துச் சராஃபுக்கும், அவரிடமிருந்து பம்பாய் ஜவேரி பஜாருக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும் தங்கம் நகர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெளியேறிய தங்கத்தின் மதிப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல்.

இனி அந்தத் தங்கத்துக்கு இட்ட பெயர்கள். தேசியத் தலைவர்களும் இந்திய வணிகர்களும் அதைத் 'துயரத் தங்கம்' என்றனர். ஏற்றுமதியைத் தடைசெய்க, அல்லது அரசே வாங்கி இருப்பில் வைக்க என்று கோரினர். ஜார்ஜ் ஷுஸ்டரை நிதி உறுப்பினராகக் கொண்ட அரசு இதை ஏற்கவில்லை. மக்கள் குறைந்த விலையில் வாங்கிய தங்கத்தை ஏறிய விலையில் விற்று இலாபம் காண்கிறார்கள், இதில் துயரம் எங்கே என்பது அரசுத் தரப்பின் வாதம். வைஸ்ராய் வெலிங்டனோ, வரலாற்றில் முதன்முறையாக இந்தியர்கள் தங்கத்தைக் கக்குகிறார்கள் என்றும், இது தொடரும் என்று நம்புவதாகவும் மகிழ்ச்சியோடு எழுதினார். கக்குதல் என்ற வினையைக் கவனியுங்கள். விழுங்கியதைத்தான் கக்க முடியும். ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்ததை ஒரு நாட்டின் வயிற்றில் இருந்ததாக மாற்றிவிட்டது அந்த ஒற்றை வினை.

அரசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலை ஏறியது உண்மை. இலாபம் கண்டவர்கள் இருந்ததும் உண்மை. வசதியுள்ள குடும்பங்கள் பெட்டியில் இருந்த பவுன் காசுகளை நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். ஆனால் விற்றலின் எழுவாய் யார்? ஓர் உழவர் 1929இல் ஒரு தோலாச் சங்கிலியை, தோலா 21 ரூபாய் என்ற மதிப்புக்குக் கீழான ஒரு தொகைக்கு ஈடு வைத்தார் என்று கொள்வோம். 1931இல் வட்டி கட்ட வழியில்லை. கடன் கொடுத்தவருக்கும் பட்டணத்திலிருந்து நெருக்கடி. தவணையை நீட்டிக்க அவர் ஒப்பவில்லை. நகை கைமாறியது. அதே நகை முப்பது ரூபாய்க்கு விற்கிறது. உழவருக்கு அது துயரம், லேவாதேவிக்காரருக்கு இலாபம், சங்கிலி ஒன்றுதான். டீட்மர் ரோதர்முண்ட், கோ. பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர்களைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: அக்கால விவாதத்தில் இரு தரப்பும் 'இந்தியர்' என்ற ஒரே எழுவாயைப் பயன்படுத்தியதால், அந்தச் சொல்லுக்குள் ஒருவர் இழந்ததும் ஒருவர் பெற்றதும் மறைந்துபோயின.

இந்தத் தங்கம் பிரிட்டனின் கையிருப்பைத் தேற்றியது. முந்தைய ஆண்டு பாரிஸிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடன்களை 1932இல் திருப்பிச் செலுத்துவதற்கும் துணைநின்றது. இந்தியத் தங்க ஏற்றுமதி உலகப் பொருளாதாரம் மீள உதவியது என்று கெய்ன்ஸே கருதினார். ஆக உலகம் மீண்டது. மீட்டவர்களின் பட்டியலில் ஓர் அவத் கிராமத்துப் பெண்ணின் நகையும் இருந்திருக்கலாம்.

'இருந்திருக்கலாம்' என்று தயங்குவதற்குக் காரணம் உண்டு. மிக ஏழைகளிடம் தங்கம் இல்லை. வட இந்தியச் சிற்றூர்களின் ஏழைப் பெண்கள் அணிந்த ஹன்சுலியும் கடாவும் பெரும்பாலும் வெள்ளி. கிரியர்சன் 1885இல் வெளியிட்ட பீகார் உழவர் வாழ்க்கை பற்றிய சொற்களஞ்சியத்தில் அணிகலன்களின் பெயர்கள் வகைவகையாக வருகின்றன. மொழியியல் மாணவர்கள் அந்தப் பக்கங்களைச் சொற்களுக்காகப் புரட்டுவோம், அவை ஒவ்வொன்றும் ஒரு வங்கிக் கணக்கு என்று நினைப்பதில்லை. அந்தக் கணக்கின் மதிப்பும் 1929-31இல் உலக வெள்ளி விலையோடு சேர்ந்து சரிந்தது. தங்கம் வைத்திருந்தவருக்கு விற்கவாவது ஒரு நல்ல விலை இருந்தது. வெள்ளி வைத்திருந்தவருக்கு அதுவும் இல்லை. 1936இல் வெளிவந்த பிரேம்சந்தின் 'கோதான்' நாவலின் இறுதியில் தனியா தன் கணவனின் பேரால் கொடுக்கும் தானம் இருபது அணா. கயிறு திரித்து விற்ற காசு. உலகப் பெருமந்தம் அந்தக் குடிசைக்குள் கடனாகத்தான் நுழைந்திருந்தது.

பிறகு மீட்சி வந்ததா? கல்கத்தாக் குறியீடு 1933இல் 87. 1934இல் 89, 1935இல் 91, 1936இலும் 91. மூன்று ஆண்டுகளில் நான்கு புள்ளிகள். 1937இல் 102ஐத் தொட்டது. 1929இன் 141 வெகுதொலைவில் இருந்தது. வேறு அளவுகோலை எடுத்தால் காட்சி மாறும். 1932இன் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் சர்க்கரை ஆலைகள் முப்பத்துச் சொச்சத்திலிருந்து சில ஆண்டுகளில் 130ஐத் தாண்டின. மாதச் சம்பளம் உறுதியாக வந்தவர்களுக்குத் தானியம் மலிவாயிற்று. அவர்களில் பலருக்கு அது நல்ல காலம்கூட. சம்பளத்துக்குக் காத்திருந்தவர்களின் கதை வேறு. ஐக்கிய மாகாணத்தில் படித்தவர்களின் வேலையின்மையை ஆராயத் தேஜ் பகதூர் சப்ரு தலைமையில் ஒரு குழு அமைந்து 1935இல் அறிக்கை தந்தது. பட்டம் பெற்றோர் பெருகுகிறார்கள், பணியிடங்கள் பெருகவில்லை. அந்த அறிக்கையைப் பற்றிப் படிக்கும் ஆய்வு மாணவருக்குத் தொண்ணூறு ஆண்டு இடைவெளி சில வேளைகளில் மறந்துபோகும்.

வங்கத்தில் கடனைக் குறைக்க 1935இல் சட்டம் வந்தது. கடன் தீர்ப்பு வாரியங்கள் அமைந்தன. பழைய கடன் குறைந்தது. கடன் கொடுத்தவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். விதைக்கும் பஞ்ச மாதச் சோற்றுக்கும் கடன் கிடைக்காத குடும்பங்கள் நிலத்தை விற்றன. பின்னர் போர்க்காலத்தில் விலைகள் உண்மையிலேயே ஏறியபோது, விற்க நெல் இல்லாமல் வாங்கவேண்டிய நிலையில் அவர்கள் நின்றார்கள். 1943 அவர்களை அப்படித்தான் சந்தித்தது.

எங்கள் வளையல்களை இவற்றோடு ஒப்பிடுவது மிகை என்பதை அறிவேன். எங்களுக்கு உணவு இருந்தது, கூரை இருந்தது. ஆனால் பழைய விவாதத்தின் சொற்கள் என் வீட்டிலேயே மறுபடி கேட்டன என்பதால்தான் எழுதுகிறேன். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் வேளாண்மை அல்லாத தேவைகளுக்குத் தரும் நகைக்கடனின் வரம்பை நகை மதிப்பில் 75 விழுக்காட்டிலிருந்து 90 ஆக உயர்த்தியது. 2021 மார்ச் 31 வரை அந்தச் சலுகை. தங்கம் அப்போது உச்சவிலையில் இருந்தது. எங்கும் நகைக்கடன் விளம்பரம். மக்களின் கையில் இருப்பதை மக்களுக்கே கடனாகத் தருவதற்கு 'நிவாரணம்' என்று பெயர். 2021 தொடக்கத்தில் தங்கத்தின் விலை இறங்கியது, ஏல அறிவிப்புகள் நாளிதழ்களில் வரிசைகட்டின. அம்மாவுக்கும் கடையிலிருந்து அழைப்பு வந்தது: மதிப்பு குறைந்துவிட்டது, ஒரு பகுதியைக் கட்டுங்கள்.

நிலுவை உதவித்தொகை ஏப்ரலில் மொத்தமாக வந்தது. அதைக்கொண்டு ஒரு வளையலை மீட்டோம். மற்றதை விற்றுக் கணக்கை முடித்தார் அம்மா. கடைக்காரர் மரியாதையான மனிதர். "நீங்கள் வாங்கியபோது என்ன விலை அம்மா? இப்போது எத்தனை மடங்கு! உங்களுக்கு இலாபம்தானே" என்று ஆறுதல் சொன்னாராம். அவர் ஷுஸ்டரைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

அடகுச் சீட்டின் படியை அம்மா எனக்கு அனுப்பியிருந்தார். கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம். என்ன எழுதுவதென்று அவர் தயங்கியதும் எழுத்தரே நிரப்பிக்கொண்டாராம். 'சொந்தச் செலவு' என்று இருந்தது.