துளசிதாஸ் பலராம்: இடது உள்கள ஆட்டக்காரர்

துளசிதாஸ் பலராம் 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வீட்டில் வறுமை. கால்பந்து பூட்ஸ் வாங்க வழியில்லாததால், போலீஸார் கழித்துப்போட்ட பழைய பூட்ஸை வைத்துச் செருப்புத் தைப்பவரிடம் தனக்கேற்றதைத் தைத்துப் போட்டுக்கொண்டுதான் அவர் ஆடத் தொடங்கினார். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்த சையது அப்துல் ரஹீம் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். 1956இல் சந்தோஷ் டிராபியை வென்ற ஹைதராபாத் அணியில் பலராம் இருந்தார். அதே ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலும் இடம் கிடைத்தது.

முன்வரிசையில் ஐந்து பேர் நின்று ஆடிய காலம் அது. பலராமின் இடம் பெரும்பாலும் இடது பக்கம்; சில ஆட்டங்களில் ஓரத்தில் விங்கராக, சில ஆட்டங்களில் சற்று உள்ளே, உள்கள ஆட்டக்காரராக. உள்கள ஆட்டக்காரருக்கு கோல் அடிப்பது பாதி வேலைதான். பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்க வேண்டும். எதிராளியை ஏமாற்றித் திரும்பி, ஓடுகிறவனுக்கு முன்னால் பந்தைத் தள்ள வேண்டும். இன்று இதை நடுக்கள ஆட்டக்காரர் செய்கிறார். 1872இல் இங்கிலாந்தோடு நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில், தனித்தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடாமல் கூட்டாளிக்குக் கொடுத்து ஆடிய ஸ்காட்லாந்துக்காரர்களிடமிருந்து வளர்ந்த கலை அது. பலராமுக்கு உருட்டவும் தெரியும், கொடுக்கவும் தெரியும். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோரோடு அவர் அமைத்த மூவர் கூட்டணி அதனால்தான் அவ்வளவு வலுவாக இருந்தது.

1957இல் கொல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். 1961இல் அவர் தலைமையில் அந்த அணி கொல்கத்தா லீக்கை வென்றது. அதற்கு முந்தைய வெற்றி 1952இல் கிடைத்தது என்பதால், ரசிகர்களுக்கு அது நெடுங்காலத் தாகம் தீர்ந்த ஆண்டு.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா மாட்டிக்கொண்ட பிரிவு கடுமையானது: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஃப்ளோரியான் ஆல்பர்ட் ஆடிய ஹங்கேரி முதலில் இரண்டு கோல் போட்டது. 79ஆம் நிமிடத்தில் பலராம் ஒன்றைத் திருப்பினார். 1-2 என்று தோற்றாலும், பிறகு வெண்கலம் வென்ற அணியை இந்தியா கடைசிவரை பதற வைத்தது. பிரான்ஸுடன் 1-1 என்று சமன். அந்தப் போட்டிகளுக்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அங்கிருந்து மீண்டு, ஜப்பானுக்கு எதிராக பலராமும் ஒரு கோல் அடிக்க, இந்தியா இறுதிக்கு வந்தது. இந்திய அதிகாரி ஒருவரின் பேச்சால் கொதித்திருந்த செனயான் அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல். அந்தச் சூழலில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றார்கள். பலராமுக்கு அந்த ஆண்டே அர்ஜுனா விருது கிடைத்தது.

அடுத்த ஆண்டு பி.என்.ஆர். (பெங்கால் நாக்பூர் ரயில்வே) அணிக்கு மாறியவரை நுரையீரல் நோய் பிடித்தது. முப்பதைத் தொடும் முன்பே ஆட்டம் நின்றது. பிறகு பயிற்சியாளராக இளையவர்களை உருவாக்கினார். கூட்டணியின் மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது, இவருக்கு வரவில்லை. ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமே கிடையாது. பலராமுக்கும் அந்த மனக்குறை இருந்தது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் வாழ்ந்து, 2023 பிப்ரவரி 16 அன்று காலமானார்.