அல்பனி பட்ரூன்ஸ்: வளர்த்துவிட்டு வழியனுப்பிய ஓர் அணியின் வரலாறு

வரலாற்றுக் கட்டுரை எழுதப் பயிலும் மாணவர்களுக்கும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சி முடிந்த ஒரு மாலையில், இரண்டாம் அணியில் போடப்பட்ட மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், மைனர் லீக்னா தோத்தவங்க ஆடுற லீக்தானே?" அவன் கேட்டது லீக்கைப் பற்றி மட்டுமல்ல, தன்னைப் பற்றியும்தான். "இல்லடா" என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் வரலாறு படித்தவர்கள் சான்று காட்டித்தானே பேச வேண்டும்? அதற்கு நான் எடுத்துக்கொண்ட சான்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத் தலைநகரான அல்பனியில் இயங்கிய 'அல்பனி பட்ரூன்ஸ்' என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணி.

பெயரின் பின்னணி

முதலில் பெயரைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் அந்த நிலப்பகுதி டச்சுக்காரர்களின் காலனியாக இருந்தது. 1629இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி ஒரு சாசனம் வெளியிட்டது. நான்கு ஆண்டுகளுக்குள் 50 பேரைக் கொண்டுவந்து குடியேற்றுபவருக்குப் பெரும் நிலப்பரப்பு கிடைக்கும். அப்படி நிலம் பெற்றவரின் பட்டம்தான் 'பட்ரூன்'. நம் வழக்கில் பண்ணையார் என்று சொல்லலாம். அல்பனியைச் சுற்றியிருந்த நிலத்தைப் பெற்றவர் கிலியன் வான் ரென்சலர் என்ற வணிகர். அவர் கடைசிவரை அந்த மண்ணில் காலே வைக்கவில்லை. உழுதவர்கள் குத்தகைக்காரர்கள், பலன் போனது தூரத்தில் இருந்தவருக்கு. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அணி ஆடிய லீக்

பட்ரூன்ஸ் அணி 1982இல் கான்டினென்டல் கூடைப்பந்துச் சங்கத்தில், சுருக்கமாக சி.பி.ஏ.வில், சேர்ந்தது. இந்த லீக் 1946 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் வேறு பெயரில் தொடங்கப்பட்டது. இன்று உலகமே பார்க்கும் என்.பி.ஏ.வின் முன்னோடி அமைப்பு தொடங்கியது அதே ஆண்டு ஜூனில்தான். அதாவது, வயதில் மூத்தது சி.பி.ஏ.; வசதியில் பெரியது என்.பி.ஏ.

சி.பி.ஏ.வில் புள்ளி வழங்கும் முறையே தனி. ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 7 புள்ளிகள். வெற்றிக்கு 3, நான்கு கால்பகுதிகளில் ஒவ்வொன்றையும் வெல்பவருக்குத் தலா 1. மூன்று கால்பகுதிகளைச் சிறு வித்தியாசத்தில் வென்று, ஒன்றில் மட்டும் பெரிதாகக் கோட்டை விட்டுத் தோற்ற அணிக்கும் 3 புள்ளிகள் கிடைக்கும். வென்ற அணிக்குக் கிடைப்பது 4தான். அதனால் 20 புள்ளி பின்தங்கிய அணியும் கடைசிக் கால்பகுதியில் விட்டுக்கொடுக்காமல் ஆடும்.

இந்த லீக்கின் வேலை என்.பி.ஏ.வுக்கு ஆள் தயாரிப்பது. மேலே ஒரு வீரருக்குக் காயம் பட்டால் கீழே இருப்பவருக்கு அழைப்பு வரும். பெரும்பாலும் 10 நாள் ஒப்பந்தம். அந்தப் பத்து நாளில் திறமையைக் காட்டினால் பிழைப்பு. இல்லையென்றால் மறுபடியும் சி.பி.ஏ. அரங்கம்தான்.

மூன்று பயிற்றுநர்கள்

பட்ரூன்ஸ் ஆடிய இடம் வாஷிங்டன் அவென்யூ ஆர்மரி. படைவீரர்கள் பயிற்சி செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பழைய மண்டபம். முதல் பயிற்றுநர் டீன் மெமிங்கர். முதல் பருவத்தின் நடுவிலேயே அவரை நீக்கிவிட்டு, 1983 தொடக்கத்தில் பில் ஜாக்சனைக் கொண்டுவந்தார்கள். இருவரும் 1973இல் என்.பி.ஏ. கிண்ணம் வென்ற நியூயார்க் நிக்ஸ் அணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

ஜாக்சனுக்கு அப்போது தலைமைப் பயிற்றுநராக அனுபவம் இல்லை. எல்லா வீரர்களுக்கும் ஒரே வாரச் சம்பளம் கொடுத்தார். ஆட்ட நேரத்தையும் கூடியவரை பகிர்ந்து கொடுத்தார். யார் முதலில் மேலே போவது என்று எல்லோரும் போட்டி போடும் ஒரு லீக்கில் இது எளிய காரியமில்லை. 1984இல் வையோமிங் வைல்ட்கேட்டர்ஸ் அணியை வென்று பட்ரூன்ஸ் முதல் கிண்ணத்தைப் பெற்றது. 1985இல் ஜாக்சன் சி.பி.ஏ.வின் சிறந்த பயிற்றுநர். 1987இல் சிகாகோ புல்ஸ் அவரை உதவிப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. பின்னர் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தலைமைப் பயிற்றுநராக 11 கிண்ணங்கள் வென்றார்.

அடுத்து வந்தவர் பில் மசல்மன். 1987-88 பருவத்தில் அணி 48 ஆட்டங்களில் வென்றது, 6இல் மட்டும் தோற்றது. அந்தப் பருவத்தில்தான் சோதனையும் வந்தது. புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்த டோனி கேம்பல், பருவம் முடியும் தறுவாயில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போய்விட்டார். சொந்த அணிக்குக் கிண்ணம் வெல்ல அவர் மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. ஆனாலும் பட்ரூன்ஸ் இறுதிச் சுற்றில் மீண்டும் வையோமிங் அணியை 4-3 என்று வென்றது. அதே ஆண்டு லேக்கர்ஸும் என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது. 1989இல் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் என்ற புதிய என்.பி.ஏ. அணி உருவானபோது, அதன் முதல் பயிற்றுநர் மசல்மன். தம்மோடு ஆடிய பழைய பட்ரூன்ஸ் வீரர்கள் சிலரையும் அங்கே சேர்த்துக்கொண்டார்.

மூன்றாமவர் ஜார்ஜ் கார்ல். இரண்டு தடவை அல்பனிக்கு வந்தார். அவருடைய 1990-91 பருவம் சி.பி.ஏ. வரலாற்றில் தனித்து நிற்கிறது: 50 வெற்றி, 6 தோல்வி. சொந்த ஊரில் ஆடிய 28 ஆட்டங்களிலும் வெற்றி! ஆனால் அந்த ஆண்டுக் கிண்ணம் விச்சிட்டா ஃபால்ஸ் அணிக்குப் போனது. புள்ளிவிவரம் ஒரு கதை சொல்லும், கிண்ணம் இன்னொரு கதை சொல்லும். கட்டுரையில் இரண்டையும் எழுத வேண்டும்.

அல்பனி வழியாகப் போனவர்கள்

மாரியோ எலியை எடுத்துக்கொள்வோம். 1985 என்.பி.ஏ. தேர்வில் அவர் பெயர் 160ஆவதாக வந்தது. அந்த இடத்தில் பெயர் வந்தால் பெரும்பாலும் வாய்ப்பு இல்லை என்றுதான் பொருள். அயர்லாந்து, அர்ஜென்டினா, போர்த்துகல் என்று சுற்றி ஆடிவிட்டு அல்பனிக்கு வந்தார். அங்கிருந்து என்.பி.ஏ.வுக்குப் போய், ஹூஸ்டன் அணியோடு 1994, 1995 என இரண்டு கிண்ணங்களும், சான் அன்டோனியோ அணியோடு 1999இல் ஒரு கிண்ணமும் வென்றார்.

ஸ்காட் புரூக்ஸை என்.பி.ஏ. தேர்வில் யாருமே எடுக்கவில்லை. 1988இல் பட்ரூன்ஸ் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார், 1994இல் எலியோடு ஹூஸ்டன் அணியில் இருந்தார், 2010இல் என்.பி.ஏ.வின் சிறந்த பயிற்றுநர் ஆனார். பாஸ்டன் அணி விடுவித்த பிறகு ரிக் கார்லைலும் அல்பனியில் ஆடினார். 2011இல் டாலஸ் அணியைக் கிண்ணம் வெல்ல வைத்த பயிற்றுநர் அவர்தான்.

அணி ஏன் நிலைக்கவில்லை?

இவ்வளவு வெற்றி பெற்ற அணி நிலைத்திருக்க வேண்டாமா? 1990இல் ஊரில் நிக்கர்பாக்கர் அரங்கம் என்ற மாபெரும் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அணி பழைய ஆர்மரியை விட்டு அங்கே போனது. ஆனால் 1992-93இல் அணியின் பெயரே 'கேப்பிட்டல் ரீஜன் பான்டியாக்ஸ்' என்று ஒரு கார் பெயருக்கு மாறியது. 1993இல் அணி ஹார்ட்ஃபர்ட் நகரத்துக்கே போய்விட்டது.

லீக்கின் கதையும் அப்படித்தான். 1999இல் முன்னாள் என்.பி.ஏ. நட்சத்திரம் ஐசையா தாமஸ் சி.பி.ஏ.வை மொத்தமாக வாங்கினார். 2001 பிப்ரவரியில் ஆட்டங்கள் நின்றன. அதே ஆண்டு என்.பி.ஏ. தன் சொந்த வளர்ச்சி லீக்கைத் தொடங்கியது. சி.பி.ஏ. மறுபடி எழுந்து 2009 வரை நடந்தது, ஆனால் பழைய இடம் அதற்குக் கிடைக்கவில்லை.

இப்போது பெயருக்குத் திரும்புவோம். அணியின் பெயர் பண்ணையார். அது செய்ததோ குத்தகைக்காரர் வேலை. ஆளைத் தேடி, பழக்கி, ஆட வைத்தது அல்பனி. விளைச்சலை எடுத்துக்கொண்டது என்.பி.ஏ. ஒவ்வொரு நல்ல பருவமும் ஒரு நல்ல வீரரையோ பயிற்றுநரையோ வழியனுப்புவதில்தான் முடிந்தது. எனவே 'நிர்வாகம் சரியில்லை' என்ற ஒரு வரியில் காரணத்தை முடித்துவிடக் கூடாது. அந்த அமைப்பே அப்படித்தான் இயங்கியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2005இல் பட்ரூன்ஸ் அதே பெயரில் சி.பி.ஏ.வுக்குத் திரும்பி, பழைய ஆர்மரியிலேயே ஆடியது. லீக் மூடப்பட்ட பிறகு நீண்ட இடைவெளி. 2018இல் வேறொரு சிறிய லீக்கில் மீண்டும் களமிறங்கி, 2019இல் கிண்ணம் வென்றது. லாபம் ஒன்றே குறியாக இருந்திருந்தால் இந்தப் பெயரை எப்போதோ மறந்திருப்பார்கள். ஊர் மறக்கவில்லை.

அந்த மாணவனிடம் எலியின் கதையைச் சொன்னேன். "160ஆவதா வந்தவருக்கு மூணு கிண்ணமா?" என்று கேட்டான். எல்லாருக்கும் அப்படி நடக்காது என்பதையும் சேர்த்தே சொன்னேன். மேலே போகாதவர்களும் அதே ஆர்மரியில் கடைசிக் கால்பகுதிவரை ஆடினார்கள், அந்த ஒரு புள்ளிக்காக. மறுநாள் பயிற்சிக்கு அவன் முதல் ஆளாக வந்தான்.

ஆண்டுதோறும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு அடுத்த வகுப்புக்குள் நுழையும் நமக்கும், ஆசிரியர்களே, இந்த அணியின் கணக்கு புரியும்தானே?

வகுப்பில் கலந்துரையாட

1. 1990-91 பருவத்தை வெற்றி என்பீர்களா, தோல்வி என்பீர்களா? சான்றுகளுடன் எழுதுக.
2. பட்ரூன்ஸ் அணி 1993இல் அல்பனியை விட்டுச் சென்றதற்கு உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் எனப் பிரித்து ஆராய்க.
3. ஒரு நிறுவனத்தின் சாதனையை அது வைத்திருப்பதைக் கொண்டு அளப்பதா, அது உருவாக்கி அனுப்பியதைக் கொண்டு அளப்பதா? உமது கருத்தை நிறுவுக.