நிறவெறி பிறவிக் குணமா, கற்ற பாடமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பிறரது தோலின் நிறத்தைக் கண்டு அவரைத் தாழ்வாக எண்ணும் குணம் மனிதனோடு பிறக்கிறதா, அல்லது பின்னர் வந்து ஒட்டிக்கொள்கிறதா? பிறவிக் குணம் என்றால் ‘மனித இயல்பு அப்படித்தான்’ என்று கூறி நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். கற்றுக்கொண்டது என்றால், கற்பித்தவர் யார் என்ற கேள்வி எழும். அக்கேள்வி நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும்.

நிற வேறுபாட்டைக் காண்பது வேறு. அதை வைத்து உயர்வு தாழ்வு கற்பிப்பது வேறு. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் எடுத்துரைக்கிறான். மனிதர்களைப் பல கூட்டத்தாராக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், இறையச்சமே சிறப்பின் அளவுகோல் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. வேறுபாடு படைத்தவனின் அடையாளம். அதில் ஏணிப்படி அமைத்தவன் மனிதன்.

பச்சிளங்குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வுகளும் சிந்திக்கத் தக்கவை. 2005ஆம் ஆண்டு வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் எந்த இனத்தவரின் முகத்தையும் கூடுதலாக விரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதக் குழந்தைகளோ தம் இனத்தவரின் முகங்களையே அதிக நேரம் பார்த்தன. அது வெறுப்பன்று, பழக்கம். 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலில் குடியேறி, இரு நிறத்தவரையும் அன்றாடம் கண்டு வளர்ந்த குடும்பங்களின் குழந்தைகளிடம் அத்தகைய நாட்டம் காணப்படவில்லை. கண் எதனைக் கண்டு பழகுகிறதோ அதனை நாடுகிறது. உயர்வு தாழ்வு என்ற எண்ணத்தை அதற்கு மேல் யாரோ எழுதவேண்டியிருக்கிறது.

எவ்வாறு எழுதப்படுகிறது என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று கூறும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியல் அறிஞர்களான தம்பதியர், 253 கறுப்பினக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 1947இல் வெளியிட்டனர். மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட அப்பிள்ளைகளின் முன் வெள்ளை நிறப் பொம்மைகளும் பழுப்பு நிறப் பொம்மைகளும் வைக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் விளையாட வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். பாதிக்கும் மேற்பட்டோர், பழுப்புப் பொம்மையே மோசமாகத் தோன்றுகிறது என்று சுட்டினர். தன் இனத்தை நேசித்துப் பிற இனத்தை வெறுப்பதுதான் இயற்கை என்றால், இக்குழந்தைகள் தம் நிறத்தைத் தாமே வெறுத்தது எங்ஙனம்? அவர்களைச் சூழ்ந்திருந்த சமூகம் சொல்லாலும் செயலாலும் நடத்திய பாடத்தை அவர்கள் பிழையின்றிக் கற்றிருந்தனர் என்பதே விடை.

அப்பாடம் தொடங்கிய காலத்தையும் நாம் அறிவோம். 1640இல் வர்ஜீனியாவில் மூன்று பணியாளர்கள் தம் எசமானிடமிருந்து ஒன்றாகத் தப்பியோடிப் பிடிபட்டனர். ஐரோப்பியர் இருவருக்கும் பணிக்காலம் நான்காண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆப்பிரிக்கரான ஜான் பன்ச் என்பவருக்கோ வாழ்நாள் முழுவதும் அடிமைப்பணி விதிக்கப்பட்டது. ஒரே செயல், இரு தண்டனைகள்! ஆயினும் அந்த மூவரும் கூடித்தானே ஓடினார்கள்? 1676இல் பேக்கன் என்பவர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியிலும் வெள்ளைப் பணியாளர்களும் கறுப்பின அடிமைகளும் தோளோடு தோள் நின்றனர். அந்நாட்டுப் பூர்வகுடிகள் மீதான பகையில் தொடங்கிய அக்கிளர்ச்சியை நியாயமானதென்று கூற இயலாது. ஆனால் அடித்தட்டு மக்கள் நிறம் பாராது ஒன்றுசேர்ந்த காட்சி, நில உடைமையாளர்களை அச்சுறுத்தியது.

அதன் பின்னர் சட்டங்கள் மேலும் இறுகின. 1691இல் இயற்றப்பட்ட சட்டம், வெள்ளையர் பிற நிறத்தவரை மணந்தால் நாடுகடத்தப்படுவர் என்றது. 1705ஆம் ஆண்டுச் சட்டம், பணிக்காலம் முடிந்த வெள்ளையருக்குத் தானியம் முதலியன வழங்கப் பணித்தது. வெள்ளையரை எதிர்த்துக் கையோங்கும் கறுப்பினத்தவருக்குக் கசையடி விதித்தது. இச்சட்டத்தைத் தேவாலயங்களில் மக்கள் கேட்க ஆண்டுதோறும் வாசிக்க வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. பிறவியிலேயே ஊறிய வெறுப்பாக இருந்திருந்தால், அதனைச் சட்டமியற்றியும் கசையடி கொடுத்தும் மீண்டும் மீண்டும் வாசித்தும் மனத்தில் பதிக்க வேண்டிய தேவை என்ன?

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவுபடுத்திய நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அவ்வாறு இழிவுபடுத்தப்பட்டவர் பிலால் (ரலி) என்று வேறு சில அறிவிப்புகள் கூறுகின்றன. அதனைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், அபூதரிடம் ஜாஹிலிய்யா, அதாவது அறியாமைக் காலத்தின் தன்மை, எஞ்சியிருப்பதாகக் கண்டித்தார்கள். அதனை அவருடைய பிறவிக் குணம் என்று கூறவில்லை. ஒரு காலத்தின் எச்சம் என்றே அடையாளம் காட்டினார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி) தாம் அணிந்த அதே வகை ஆடையைத் தம் பணியாளருக்கும் அணிவித்திருந்ததை மக்கள் கண்டனர். கற்றதை மறக்க முடியும் என்பதற்கு அவ்வாடையே சாட்சி.

எனினும், உம்மத் முழுவதும் இப்பாடத்தை எக்காலத்தும் பேணியது என்று பெருமை பேசலாகாது. அப்பாஸியர் ஆட்சியில் பஸராவின் உவர்நிலங்களில் கிழக்கு ஆப்பிரிக்க அடிமைகள் வாட்டி வதைக்கப்பட்டனர். 869 முதல் 883 வரை நீடித்த ஸன்ஜ் கிளர்ச்சி அதன் விளைவே. நூஹ் (அலை) அவர்களின் சாபத்தால்தான் அவர்தம் மகன் ஹாமின் சந்ததியினர் கறுப்பாயினர் என்ற கட்டுக்கதையும் நம்மிடையே உலவியது. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் அக்கதையை மறுத்து, நிறத்திற்குக் காரணம் தட்பவெப்பமே என்றார். அதே நூலில் கறுப்பின மக்களைப் பற்றி அவரும் தாழ்வான கருத்துகளை எழுதியுள்ளார் என்பது வருந்தத்தக்கது. பேரறிஞரையும் தன் காலத்தின் காற்று விட்டுவைப்பதில்லை.

நம் வீடுகளில் இது நிறவெறி என்ற பெயரோடு நுழைவதில்லை. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் குங்குமப்பூப் பாலோடு நுழைகிறது. பெண் பார்க்கப் போகுமுன் ‘பிள்ளை சிவப்பா?’ என்று கேட்கும் கேள்வியோடு நுழைகிறது. அக்காளின் நிறத்தையும் தங்கையின் நிறத்தையும் விருந்தினர் முன் ஒப்பிடும் வேடிக்கைப் பேச்சோடு நுழைகிறது. மக்தபில் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கண்கலங்கக் கேட்ட பிள்ளை, வீட்டிற்குத் திரும்பியதும் ‘கறுப்பி’ என்று அழைக்கப்பட்டால் எந்தப் பாடத்தை நம்பும்? கிளார்க் தம்பதியர் கண்ட குழந்தைகளைப் போலவே, அதுவும் கண்ணாடியின் முன் நின்று தன்னையே வெறுக்கக் கற்றுக்கொள்ளும்.

ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்றும், பின்னர் பெற்றோரே அதனை வேறு வழியில் திருப்புகின்றனர் என்றும் கூறும் ஹதீஸ் மார்க்கத்தைப் பற்றியது. ஆயினும், பிள்ளையின் உள்ளத்தில் முதலில் எழுதுவோர் பெற்றோரே என்ற எச்சரிக்கை அதில் உண்டு. ஆகவே, நிறத்தைச் சொல்லிப் பிள்ளைகளை அழைப்பதை நிறுத்துவோம். பெரியவர்கள் அவ்வாறு பேசும்போது, மரியாதை குறையாமல் அவ்விடத்திலேயே மறுப்போம். நம் மௌனமும் பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடும். நிக்காஹ் பேசும்போது நிறத்தைப் பற்றிய கேள்வியை நம் தரப்பிலிருந்து எழுப்பாதிருப்போம்.

நம் உள்ளங்களில் எஞ்சியிருக்கும் ஜாஹிலிய்யாவை அல்லாஹ் அகற்றி, நம் சந்ததியினரை அதிலிருந்து காப்பானாக. ஆமீன்.