கலையின் பயன் (பங்காருபேட்டை – கோலார் வட்டாரம்)

ஆதி சமுதாயங்களில் கலை, கண்ணுக்கு விருந்தாவதற்கு முன்பே, மாண்டவரை வாழ்வோரோடு பிணைக்கும் கடமையை மேற்கொண்டது என்பதற்குக் கோலார்ச் சீமையின் வீரக்கற்கள் சிறந்த சாட்சியாகும். ஆநிரை காக்கப் பொருது மடிந்தவனின் போர்க்கோலத்தைக் கீழ்ப்பகுதியிலும், தேவமகளிர் அவனை ஏந்திச் செல்வதை இடையிலும், சிவலிங்க சந்நிதியில் அவன் அமர்ந்திருப்பதை உச்சியிலும் செதுக்குவது கன்னட நாட்டு வீரக்கல்லின் பெருவழக்கு. நடுகல்லுக்குரிய கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு துறைகளை வகுத்த தொல்காப்பியமும் மாண்ட வீரனுக்குக் கல் நடும் இதே மரபையே சுட்டுகிறது. எழுத்தறியாத கிராமத்தாருக்கு இக்கல்லே சரித்திரமும் சாசனமும் வழிபடு தெய்வமும் ஆயிற்று.

அரசு வளர்ந்தபின் கலை அதிகாரத்தின் குரலுமாயிற்று. கோலாரம்மன் ஆலயத்தின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பக்தியோடு ஆட்சியையும் பறைசாற்றுகின்றன.

நவீன காலத்தில் இப்பயன்கள் மறையவில்லை. பங்காருபேட்டைக்கு அண்மையிலுள்ள கம்மசந்திரத்தில் 108 அடி உயர லிங்கம் எண்ணற்ற சிறு லிங்கங்கள் சூழ நிற்கிறது. பக்தர் தம் பெயரால் லிங்கம் நிறுவுவதால், அன்று வீரனுக்கே உரித்தாயிருந்த கல், இன்று எளிய குடும்பத்தின் பிரார்த்தனைக்கும் உரியதாகிறது. 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்த் தொழிலாளரின் முன்னோரை நினைவுறுத்திய பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) திரைப்படமும், என் கருத்தில், நடுகல்லின் வழித்தோன்றலே.