தொப்பூர் ஏறும் கம்பிச்சுருள்

அரூர் பக்கம் தீர்த்தமலையில் இரும்புத்தாது உண்டு, வெட்டுவாரில்லை. ஓசூர்ப் பட்டறையில் உருவாகும் ஒரு போல்ட்டுக்கான தாது கர்நாடகத்திலிருந்து வருகிறது. மேச்சேரிப் பக்கத்து ஊதுலையில் கோக் கரியோடு அது உருகும்போதே போல்ட்டின் புகைக்கணக்கில் பெரும்பங்கு எழுதப்பட்டுவிடும். பிறகு கம்பிச்சுருளாக டிரெய்லரில் ஏறி, தொப்பூர் கணவாயில் முக்கி முனகி, தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் போகிறது. கம்பியை இழுத்து, தலை அடித்து, மரை உருட்டி, துத்தநாகம் பூசினால் போல்ட். சென்னைத் துறைமுகத்தில் கூடவே ஒரு தாளும் கப்பலேறுகிறது: டன்னுக்கு எவ்வளவு கார்பன்?

கேட்பது ஐரோப்பிய ஒன்றியம். 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் அதற்கு விலையும் உண்டு. அங்குள்ள ஆலைகளின் இலவச உமிழ்வு ஒதுக்கீடு கரையக் கரைய இந்த வரி ஏறி, 2034-ல் முழு அளவை எட்டும்.

கணக்கில் ஒரு வேடிக்கை. தொப்பூர் லாரிப்புகை அதில் சேராது. பட்டறைக்காரர் காற்றாலை மின்சாரம் வாங்கினாலும் பயனில்லை. இரும்புக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கு. நம் காற்றாலைப் பெருமை இங்கே செல்லாக்காசு. உருக்காலையிடம் போய் "உங்க நம்பர் என்ன சார்?" என்று நிற்பதுதான் அவருக்குள்ள வழி. நம்பர் வராவிட்டால் பிரஸ்ஸல்ஸ் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது சலுகை விலையாக இருக்காது.

இங்கிருந்து இரும்பு கப்பலேறுவது புதிதல்ல. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலம் மாவட்டத் தாதுவைப் பரங்கிப்பேட்டையில் உருக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார். தருமபுரியும் அப்போது சேலம்தான். காடுகள் மரக்கரியாயின, புகையை யாரும் எண்ணவில்லை.

டெல்லி இரண்டு குரலில் பேசுகிறது. உலக வர்த்தக அமைப்பில் எதிர்ப்பு; உள்ளூரில் 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம், 2024 டிசம்பரில் பசுமை எஃகு வரையறை. டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவாக உமிழ்ந்தால்தான் அந்தப் பெயர். நாட்டின் சராசரியோ 2.5-ஐ ஒட்டி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் பிரஸ்ஸல்ஸே காரணம் என்பது மிகை. ஆற்றல் சிக்கன இலக்குகள் 2012 முதலே உள்ளன. ஆனாலும் டெல்லியின் அவசரத்துக்கு, இந்தக் கார்பன் விலையைக் கொண்டுவந்த ஐரோப்பியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உற்பத்தி நாட்டில் கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம். எப்படியும் போகிற காசு உள்நாட்டிலேயே சுற்றட்டுமே என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் கார்பன் கிரெடிட் திட்டத்தில் 2025 அக்டோபரில் கட்டாய இலக்கு பெற்ற முதல் நான்கு துறைகளில் அலுமினியம் இருந்தது, சிமென்ட் இருந்தது, இரும்பு இல்லை. ஓசூர் போல்ட்டுக்குக் கழித்துக்கொள்ள அப்போது ஒன்றுமில்லை.