செம்மணியில் மண் தின்ற சாட்சி

நல்லூரிலிருந்து செம்மணி வெளி அதிக தூரமில்லை. 1996 செப்டெம்பர் 7 அன்று பரீட்சை எழுதித் திரும்பிய மாணவி கிருசாந்தி அங்கிருந்த காவலரணில் மறிக்கப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் மீளவில்லை. 1998 யூலையில், அவ்வழக்கில் மரணதண்டனை பெற்ற படையினன் சோமரத்ன ராஜபக்ச, 300 முதல் 400 வரையான உடல்கள் அங்கு புதைக்கப்பட்டதாக நீதிமன்றில் கூறினான். அச்செய்தியை வாசித்த நாள் எனக்கு மறக்கவில்லை. 1999இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதன்பின் நீண்ட மௌனம்.

அந்த மௌனத்தில் நாம் இழந்தது என்ன? உயிருள்ள தசையில் காயம் பட்டதும் இன்டர்லியூக்கின்-8 என்னும் சிறு மரபணு விழித்தெழுகிறது. 1987இல் அறியப்பட்ட அதன் புரதம், வெண்குருதி அணுக்களைக் காயத்துக்கு அழைக்கும் தூதுவன். உயிர் பிரிந்தபின் பட்ட காயத்தில் அவ்வழைப்பு பெரும்பாலும் எழாது. ஆகவே, காயம் உயிரோடிருக்கையில் பட்டதா, எத்தனை மணி நேரத்துக்கு முன் பட்டது என்று கணிக்க, சட்ட மருத்துவர்கள் இத்தகைய மரபணுக்களை ஆராய்கிறார்கள். ஆனால் அதற்குத் தசை வேண்டும்.

எலும்பும் பேசும், குறைவாகவே பேசும். பச்சை எலும்பு முறியும் விதம் வேறு, உலர்ந்தது முறியும் விதம் வேறு. முறிவு ஆறத் தொடங்கிய அடையாளம் தெரிவதற்கோ, காயம்பட்டவர் சில நாட்களாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் சிறுவர்களுடையனவும் இருந்தன. அவர்கள் யாரென மரபணுச் சோதனை சொல்லக்கூடும். அவர்களுடைய கடைசி மணி நேரங்களைச் சொல்லியிருக்கக்கூடிய தசையோ, இத்தனை ஆண்டுத் தாமதத்தில் மண்ணோடு மண்ணாகிவிட்டது.